பனிக் கணவாயில் மடம் கட்டியவர்

பாடசாலை விடுதலை விட்டதும் குடும்பத்தோடு வெளியூர் புறப்படுகிறீர்கள். சாமான்களெல்லாம் வானில் ஏற்றியாயிற்று. சாரதியின் முன்னே புனித கிறிஸ்தோப்பரின் பதக்கம் தொங்குகிறது. பிரயாணிகளின் பாதுகாவலர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் அவரே. ஆயினும் வழிப்போக்கரின் உயிர்காக்கும் பணிக்கு வித்திட்ட இன்னொருவர் உண்டு. அவருடைய பெயரை நம்மிற் பலர் ஒரு சாதி நாயின் பெயராக மட்டுமே அறிவோம். அவர்தாம் மெந்தோன் ஊர்ப் புனித பெர்நார்து. கிளேர்வோ மடாதிபதியான பெர்நார்து வேறொருவர், இவருக்குப் பிந்தியவர்.

இவருடைய இளமையைப் பற்றி அழகான கதை ஒன்று வழங்குகிறது. அன்னெசி ஏரிக்கரையிலுள்ள மெந்தோன் கோட்டையில் பிரபு குலத்திற் பிறந்தாராம். திருமணத்துக்கு முந்திய இரவில் யன்னல் வழியாகக் குதித்து ஓடித் துறவியானாராம். இது பிற்காலத்தவர் கட்டிய கதையாகவே தோன்றுகிறது. பழைய நூல்கள் அவரைப் பத்தாம் நூற்றாண்டில் வைத்தன. அவர் பதினோராம் நூற்றாண்டினர் என்பதும், 1081இல் காலமானார் என்பதும் பிற்கால ஆராய்ச்சியாளரிற் பெரும்பாலார் கொள்ளும் கணக்கு. ஐயத்துக்கு இடமில்லாதது அவர் செய்த வேலை.

இத்தாலியின் ஆவோஸ்தா நகரில் அவர் பிரதம தியாக்கோனாக இருந்தார். அந்நகருக்கு மேலே அல்ப்ஸ் மலைத் தொடரை ஊடறுத்து ஒரு கணவாய் செல்கிறது. உயரம் 2,469 மீற்றர். நமது பீதுருதாலகால மலையுச்சிக்குச் சற்றே குறைவு. வடக்கிலிருந்து உரோமாபுரிக்கு யாத்திரை செல்வோர் பலருக்கு அதுவே வழி. ஆண்டில் எட்டு மாதமளவுக்கு அங்கே பனி மூடிக்கிடக்கும். போதாக்குறைக்குக் கொள்ளையர் வேறு. 972இல் குளூனி மடாதிபதி மயோலுஸ் இந்தப் பாதையிலேயே பிடிபட்டு, பெருந்தொகை வெள்ளி கொடுத்து மீட்கப்பட்டார். அதற்கு முன்னர், 959இல், கந்தர்பரியின் அதிமேற்றிராணியாராக நியமனம் பெற்றிருந்த எல்ப்சிகே உரோமாபுரிக்குப் போகும் வழியில் அல்ப்ஸ் மலைக் குளிரில் விறைத்து இறந்தார். அதிமேற்றிராணியாருக்கே இக்கதி என்றால், ஏழை யாத்திரிகரின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மலையிறங்கி வந்தவர்கள் சொல்லும் துயரங்களைக் கேட்டுக் கேட்டு, கீழே நகரில் இருந்து இரங்குவதால் பயனில்லை என்று பெர்நார்து கண்டார். ஆகவே 1050ஆம் ஆண்டளவில், பழைய உரோமரின் யூப்பித்தர் கோயில் இருந்த அந்த உச்சியிலேயே ஒரு மடத்தை நிறுவினார். மடம் என்றால் என்னவென்று நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இது வந்தவர்க்கு இடங்கொடுப்பதோடு நின்ற மடமன்று. அங்கு வாழ்ந்த அகுஸ்தீனார் ஒழுங்கைச் சேர்ந்த துறவிகளும் பணியாளரும், குளிர்காலத்தில் கணவாயின் இருபுறமும் இறங்கிச் சென்று, வருவோரை எதிர்கொண்டு அழைத்து வந்தார்கள். வழிதவறியவரைத் தேடினார்கள். பிணமாகக் கிடைத்தவரை, உறவினர் என்றாவது வந்து அடையாளங்காண்பர் என்று தனிக் கட்டடமொன்றில் வைத்தார்கள். பாறையும் பனியுமான அந்நிலத்திற் புதைகுழி தோண்டுதல் அரிது.

இப்பாதையில் அவசரம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட முடியவில்லை. பெர்நார்து இறந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளின் பின், 1129ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்-துறோன் மடாதிபதி றுடோல்ப் என்பவர் உரோமாபுரியிலிருந்து திரும்பிக் கொண்டிருந்தார். அவரும் வேறு யாத்திரிகரும் கணவாயின் அடியிலுள்ள சென்-றெமி என்ற சிற்றூரில் பனியில் அகப்பட்டனர். வழிகாட்டிகள் முதலில் மறுத்தார்கள். கூலி மிகக் கூடுதலாகப் பேசப்பட்டதும் இசைந்தார்கள். யாத்திரிகருக்குத் தடம் வெட்ட முன்னே சென்ற அவர்கள்மீது பனிப்பாறை சரிந்தது. பத்துப் பேர் அள்ளுண்டு போனார்கள். எஞ்சிய யாத்திரிகர் நடுநடுங்கி அடுத்த ஊருக்குத் திரும்பி, சில நாள் காத்திருந்து, வானம் தெளிந்தபின் அதே கணவாயைக் கடந்தார்கள். அந்தச் சில நாட்களை முதலிலேயே பொறுத்திருந்தால்? மாலைக்குள் போய்ச் சேரவேண்டும் என்று சாரதியை விரட்டும் நமக்கும் இக்கேள்வி சற்றுச் சுடவே செய்யும்.

பிற்காலத்தில் சென்-றெமி ஊரவர்க்கு, வழிகாட்டும் பணிக்காகவே, படைச்சேவையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 1800 மே மாதத்தில் நெப்போலியனின் சேனை, ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர், இவ்வழியே கடந்தபோது மடத்தார் உணவளித்தார்கள்.

இனி அந்த நாய்கள். அவை பெர்நார்து காலத்தவை அல்ல. பதினேழாம் நூற்றாண்டில்தான் மடத்துக்கு வந்தன. பாரி என்ற நாய் (1800–1814) நாற்பது உயிர்களைக் காத்ததாகச் சொல்வர். அதன் பாடஞ்செய்த உடல் பேர்ண் நகர் நூதனசாலையில் இருக்கிறது. கழுத்தில் தொங்கும் மதுப்பீப்பாயோ 1820இல் லாண்ட்சீர் என்ற இளம் ஆங்கில ஓவியர் தம் படத்திற் சேர்த்த கற்பனை. படம் பார்த்த பிள்ளைகள் ஏமாந்தால் மன்னிக்க!

பெர்நார்து கடைசிவரை மலைநாட்டு ஊர்களிற் பிரசங்கித்துத் திரிந்து, இத்தாலியின் நொவாரா நகரில் காலமானார். 1923இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அவரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அப்பாப்பரசரே இளமையில் கைதேர்ந்த மலையேறி; ஆபத்தை நேரிற் கண்டவர்.

1964இல் கணவாயின் அடியில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. இப்போது வாகனங்கள் மலையைக் குடைந்து சில நிமிடங்களிற் கடந்துவிடுகின்றன. மேலேயுள்ள பழைய வீதி குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும். ஆயினும் மடம் மூடவில்லை. பனியில் நடந்தோ சறுக்கியோ ஏறிவருவோருக்காகத் துறவிகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.