ஹோட்டல் ஊழியருக்கு லீவு தந்த 1958 சட்டம்... வேலூர் சிறை டு குடியாத்தம்: காமராஜர் கதை!

ஆம்பூர்னு சொன்னாலே பிரியாணிதான். ஆனா அந்த தேக்சாவைத் தூக்குறவர், இலை போடுறவர், டேபிள் துடைக்கிறவர், பாத்திரம் கழுவுறவர்... இவங்களை யாருக்கும் ஞாபகம் வராது. கடை ஒரு வாரம் பூட்டினா இவங்க வீட்டுக்கு என்ன வருமானம்?

2020 ஊரடங்கில் இந்தக் கேள்வி பெருசா வெடிச்சுது. நலவாரியத்தில் பதிவு செய்திருந்த தொழிலாளர்களுக்கு அரசு தலா ₹1,000 கொடுத்தது. பதிவே இல்லாத சர்வருக்கு, அரிசி ரேஷன் கார்டுக்கு வந்த ₹1,000தான் கதி.

ஹோட்டல் ஊழியர்களுக்குன்னே தனியா ஒரு சட்டம் இங்க 60 வருஷத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. அதைக் கொண்டுவந்த அரசின் முதல்வர் காமராஜர். விருதுநகர்க்காரரான அவரோட வாழ்க்கையில் வேலூர் பகுதி திரும்பத் திரும்ப வருது.

வருமானம் நின்னுபோன வீடு

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார் காமராஜர். ஆறு வயசில் அப்பா குமாரசாமி இறந்துவிட்டார். குடும்பத்துக்குக் கைகொடுக்க அன்றைக்கு எந்த அரசுத் திட்டமும் கிடையாது. அம்மா சிவகாமி, தோடு தவிர மற்ற நகைகளை விற்று, அந்தப் பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் போட்டு வைத்தார். மாசாமாசம் வந்த வட்டியில்தான் வீடு ஓடியது.

அவர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளி நடந்த விதமும் கவனிக்க வேண்டியது. ஊர்ல வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பாங்க. அதைச் சேர்த்து, விற்று வந்த காசில் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு. பிடி அரிசித் திட்டம்னு பேர். ஒரு ஊரே சேர்ந்து போட்ட நிதி!

அப்படியும் படிப்பு நிலைக்கவில்லை. 12 வயசு வாக்கில் பள்ளியை விட்டுட்டு, மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றார். பின்னாளில் முதல்வரான ஒருவர், கடைப்பையனாக இருந்தவர் என்பது இந்தக் கதையில் சின்ன விஷயமில்லை.

வேலூர் ஜெயிலில் இருந்தபடியே சேர்மன்

1930-ல் உப்பு சத்தியாகிரகத்தில் முதல் சிறை. அதற்குப் பிறகு ஜெயில் அவருக்கு இன்னொரு வீடு மாதிரி ஆகிப்போச்சு. 1940 டிசம்பரில், காந்தியைப் பார்க்க வார்தா போகும் வழியில் குண்டூரில் கைதாகி வேலூர் மத்திய சிறைக்கு வந்தார். உள்ளே இருக்கும்போதே, 1941-ல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையான பிறகு ஊருக்குப் போய், அந்தப் பொறுப்பை ராஜினாமா செய்தார்.

அடுத்த வருஷம் வெள்ளையனே வெளியேறு போராட்டம். பம்பாய் காங்கிரஸ் கூட்டம் முடிந்து வரும்போது, சென்னை ஸ்டேஷனில் போலீஸ் காத்திருக்கும்னு தெரியும். அதனால் அரக்கோணத்திலேயே இறங்கி ராணிப்பேட்டைக்கு நழுவிட்டார். அங்கிருந்து ஊர் ஊராகப் போய்த் தகவல் சொல்லி முடித்த பிறகே கைதானார். 1945 வரை மூன்று வருஷம் சிறை.

ஏன் குடியாத்தம்?

1954 ஏப்ரலில் முதல்வர் ஆனபோது காமராஜர் சட்டமன்ற உறுப்பினரே கிடையாது, ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி. ஆறு மாசத்துக்குள் ஜெயிச்சாகணும். அப்போது காலியாக இருந்த குடியாத்தத்தில் நின்றார். நெசவும் பீடியும் தீப்பெட்டியும் சோறு போட்ட ஊர். காங்கிரஸைக் கடுமையாக எதிர்த்துவந்த பெரியாரே இந்த இடைத்தேர்தலில் அவரை ஆதரித்தார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி.கே. கோதண்டராமனைத் தோற்கடித்து சட்டமன்றத்துக்குள் போனார்.

1958-ல் என்ன நடந்தது?

மதிய உணவுத் திட்டம் எல்லாருக்கும் தெரியும். அதே ஆட்சியில் வந்த உணவு நிறுவனங்கள் சட்டம், 1958 பற்றி அவ்வளவாகப் பேச்சே இல்லை. தொழிலாளர் துறை அப்போது ஆர். வெங்கடராமன் கையில்.

விடியற்காலை அடுப்புப் பத்த வைக்கிறதில் ஆரம்பிச்சு ராத்திரி கடை கழுவுற வரைக்கும் வேலைன்னு இருந்த இடத்தில், இந்தச் சட்டம் ஒரு கோடு போட்டது. ஹோட்டல்கள் பதிவு செய்யணும். வேலை நேரத்துக்கு வரம்பு, இடையில் ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி, சம்பளத்தோடு லீவு. மீறினால் தண்டனை.

தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டமும் அதே 1958-ல்தான் வந்தது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சம்பளத்தோடு விடுமுறை என்பது அப்படித்தான் தொழிலாளர்களின் உரிமையானது. 1962 ஏப்ரல் 1-ல் முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. மாசம் ₹20. ஆதரவில்லாத முதியவர் கைக்கு அரசிடமிருந்தே நேரா வந்த காசு அது.

விட்டுப்போன இடம்

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லணும். அந்த ஹோட்டல் சட்டம் வேலை இருக்கும் நாட்களைத்தான் ஒழுங்குபடுத்தியது. கடை மூடினால் நிவாரணம் தரும் நிதி எதுவும் அதில் இல்லை. வேலை செய்ய முடியாத முதுமைக்குப் பென்ஷன் வந்தது. 30 வயசில் திடீர்னு வேலை போனவருக்கு, அன்றைக்கு சிவகாமி அம்மாளுக்கு இருந்த அதே வழிதான்: நகை.

1963 அக்டோபர் 2-ல் கட்சிப் பணிக்காக முதல்வர் பதவியை விட்டு விலகினார். தன் அரசு சம்பளத்தோடு விடுமுறையாக்கிய அதே அக்டோபர் 2-ல், 1975-ம் ஆண்டு இறந்தார். மறுவருஷம் பாரத ரத்னா.

இன்னைக்கு ஹோட்டல் ஊழியருக்கு என்ன இருக்கு?

அந்த ₹20 பென்ஷன் 2023-ல் ₹1,200 ஆகிவிட்டது. வேலையில் இருப்பவர்களுக்கு முக்கியமானது இ.எஸ்.ஐ. இது தமிழ்நாட்டுக்கு வந்ததும் காமராஜர் காலத்தில்தான். 1955-ல் கோயம்புத்தூரில் தொடங்கியது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் ஹோட்டலில், மாசம் ₹21,000 வரை சம்பளம் வாங்குபவர் இதில் வருவார். சம்பளத்தில் 0.75 சதவீதம் ஊழியர் பங்கு, 3.25 சதவீதம் முதலாளி பங்கு. உடம்புக்கு முடியாம படுத்தால், போதுமான நாட்களுக்குப் பங்கு கட்டியிருக்கும்பட்சத்தில், சுமார் 70 சதவீத சம்பளம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

வேலை போனவர்களுக்கும் இ.எஸ்.ஐ.யில் 2018-ல் ஒரு திட்டம் வந்தது. முதலில் 25 சதவீத சம்பளம்தான் நிவாரணம். கொரோனா வந்தபோது அது 50 சதவீதம் ஆக்கப்பட்டது. 90 நாள் வரை. ஆனா இ.எஸ்.ஐ. நம்பர் உள்ளவருக்கு மட்டும். நாலு பேர் வேலை பார்க்கிற டிபன் கடை இந்தக் கணக்கிலேயே வராது. அங்க இருக்கிறவங்களுக்கு அமைப்புசாரா தொழிலாளர் நலவாரியப் பதிவுதான் இருக்கிற ஒரே கதவு. தொழிலாளர் துறை அலுவலகத்தில் பதிவு பண்ணலாம். பழைய அட்டை வச்சிருக்கிறவங்க, புதுப்பிச்சிருக்கான்னு ஒருதடவை பார்த்துக்கோங்க.