சிவப்புச் சாயம் காத்த கை



1935ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஜெர்மனி நாட்டில் ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று ஊசியும் கையுமாக மாடிப்படியில் விழுந்துவிட்டது. ஊசி கையில் ஏறிவிட்டது. ஊசியை எடுத்தும் கை வீங்கிச் சீழ் வைத்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை. டாக்டர்கள் பலமுறை கீறிப் பார்த்தார்கள். கடைசியில், உயிர் பிழைக்க வேண்டுமானால் கையை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊசிக் குத்துதானே என்று நினைக்காதீங்க. பால்வெட்டுக் கத்தி பட்ட காயம் சீழ் பிடித்தால் என்ன பாடு என்று தோட்டத்து மக்களுக்கா தெரியாது?

அந்தப் பிள்ளையின் தகப்பனார்தான் கெர்ஹார்ட் டோமாக். 1895இல் லாகோவ் என்ற சிற்றூரில் பிறந்தவர். வாத்தியார் வீட்டுப் பிள்ளை! முதல் உலகப் போரில் காயம்பட்டு, பிறகு மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தார். அறுவை நன்றாக முடிந்தும், கிருமி புகுந்து சிப்பாய்கள் மாண்டதைக் கண்ணால் கண்டார். அது அவர் மனதைவிட்டுப் போகவில்லை.

1927இல் எல்பர்பெல்ட் நகரில் பேயர் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். கிளாரர், மீட்ஷ் என்ற இரு இரசாயன அறிஞர்கள் புதிது புதிதாகச் சாயங்களைச் செய்து கொடுப்பார்கள். இவர் எலிகளுக்கு நோய்க்கிருமியை ஏற்றி, அந்தச் சாயங்களைக் கொடுத்துப் பார்ப்பார். வருடக்கணக்கில் தோல்விதான். 1932 டிசம்பரில் ஒரு சிவப்புச் சாயம் கொடுத்த எலிகள் பிழைத்துக்கொண்டன! அதற்கு 'புரோன்டோசில்' என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கண்ணாடிக் குழாயில் அந்தச் சாயம் கிருமியை ஒன்றுமே செய்யாது. உடம்புக்குள் போனால்தான் வேலை செய்யும்.

இப்போது மகள் படுக்கையில் கிடக்கிறாள். எலிக்குக் கொடுப்பது வேறு, பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பது வேறு அல்லவா? டோமாக் துணிந்தார். அந்தச் சிவப்பு மருந்தையே நிறையக் கொடுத்தார். காய்ச்சல் தணிந்தது. கையை வெட்டவே இல்லை.

அதே ஆண்டு பாரிஸ் நகர ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். சாயம் உடம்புக்குள் உடைகிறது; அதில் பிரியும் சல்பனிலமைடு என்ற நிறமில்லாப் பொருள்தான் கிருமியை அடக்குகிறது! அதுவோ 1908லேயே செய்யப்பட்ட மலிவான சரக்கு. 'சல்பா' மருந்து என்று நம் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்களே, அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை இதுதான்.

1939இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். ஜெர்மானியர் யாரும் அதை வாங்கக்கூடாது என்பது ஹிட்லரின் உத்தரவு. டோமாக்கைக் காவலில் வைத்து, பரிசு வேண்டாம் என்று கையெழுத்து வாங்கினார்கள். போர் முடிந்து 1947இல்தான் பதக்கமும் பட்டயமும் அவர் கைக்கு வந்தன. கெடு தாண்டியதால் பரிசுப் பணம் கிடைக்கவில்லை. அதன்பிறகும் காசநோய், புற்றுநோய் மருந்துகளைத் தேடிக்கொண்டிருந்தவர், 1964இல் காலமானார்.