கக்கன்: மந்திரி ஆவதற்கு முன் டெல்லியில் 5 வருஷம்

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி, மேலூரைத் தாண்டி கொஞ்ச தூரம் போனால் தும்பைப்பட்டி. 1908 ஜூன் 18-ல் பி.கக்கன் பிறந்த ஊர். 'எளிமையான அமைச்சர்' என்று பலருக்கும் தெரியும். அவர் எம்.பி.யாக இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

கோயில் வாசலில் இருந்து

1939 ஜூலை 8. அ.வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த குழுவில் கக்கனும் ஒருவர். பட்டியல் சாதியினருக்கு அதுவரை மூடிக்கிடந்த வாசல் அது. 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை. பிறகு, தீண்டாமையை ஒழித்த சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர்.

ஒரே தொகுதி, 2 எம்.பி.

1952 முதல் பொதுத் தேர்தலில் 86 மக்களவைத் தொகுதிகளுக்குத் தலா 2 உறுப்பினர்கள். மதுரையும் அதில் ஒன்று. பொது இடத்துக்கு எஸ்.பாலசுப்பிரமணியம், தனி இடத்துக்கு கக்கன், இருவருமே காங்கிரஸ். வாக்காளருக்கும் 2 ஓட்டு. இந்த ஏற்பாடு 1961-ல் ஒழிக்கப்பட்டது.

டெல்லியில் கக்கனுக்குப் பதவி எதுவும் கிடையாது. அமைச்சர் பொறுப்பு இல்லாத இப்படிப்பட்ட உறுப்பினர்களைத்தான் 'பின்வரிசை' என்பார்கள். சட்டம் நிறைவேற இவர்கள் ஓட்டு வேண்டும். பெயர் மட்டும் வெளியே வராது. தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய 1955 சட்டம் நிறைவேறியது அந்த மக்களவையில்தான்.

கோட்டையில் 10 ஆண்டுகள்

1957-ல் மேலூரில் ஜெயித்து சட்டமன்றம் வந்தார். காமராஜர் அவரைப் பொதுப்பணித் துறை அமைச்சராக்கினார். வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது அவர் காலத்தில்தான். பக்தவத்சலம் அமைச்சரவையில் உள்துறை அமைச்சர். 1965 மொழிப்போரில் நடந்த துப்பாக்கிச் சூடுகளுக்கான பழி அந்த அரசின் மேல் விழுந்தது. போலீஸ் இலாகா கக்கன் கையில் இருந்தது. அவர் வரலாற்றில் இதையும் சேர்த்துத்தான் படிக்கணும். 1967-ல் மேலூர் தெற்கில் திமுகவின் ஓ.பி.ராமனிடம் தோற்றார்.

கடைசியில் என்ன மிச்சம்?

சொத்து ஏதும் சேர்க்கவில்லை. நோய் வந்தபோது மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகவே சேர்ந்தார். மதுரை முத்துவைப் பார்க்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர்., தற்செயலாகத் தெரிந்துகொண்டு நல்ல சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். 1981 டிசம்பர் 23-ல் கக்கன் காலமானார். 10 வருஷம் மந்திரியாக இருந்தவர் பொது வார்டில் படுத்திருந்தார் என்பதைத்தான் மதுரைக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.