பத்திரிகை விற்கப் பிறந்த சைக்கிள் பந்தயம்

லங்காவி சைக்கிள் பந்தயம் நெகிரி செம்பிலான் சாலைகளில் வரும்போது, முன்னணி வீரர் அணியும் மஞ்சள் சட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக்காரர் ஹென்றி தெக்ரான்ஜ்.

1865-ல் பிறந்த அவர் வக்கீல் அலுவலகக் குமாஸ்தா. 1893-ல் ஒரே மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் மிதித்துச் சாதனை படைத்தார்.

அவரைப் பத்திரிகை ஆசிரியராக்கியது அரசியல். யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸ் மீதான தேசத்துரோக வழக்கில் பிரான்ஸ் இரண்டுபட்டது. விளையாட்டு நாளேடான ‘லெ வெலோ’வின் ஆசிரியர் டிரைஃபசை ஆதரித்தார். சினந்த முதலாளிகள் 1900-ல் போட்டி ஏடு தொடங்கி, தெக்ரான்ஜிடம் ஒப்படைத்தனர்.

விற்பனை படுத்தது. அதை நிமிர்த்தவே 1903 ஜூலை 1-ல் ‘டூர் டி பிரான்ஸ்’ தொடங்கியது. 60 பேர், 2,428 கிலோமீட்டர். வென்ற மொரிஸ் காரன் முன்பு புகைபோக்கி துடைத்த தொழிலாளி. ஏட்டின் விற்பனையும் இரு மடங்குக்கு மேல் ஏறியது. 1919-ல் வந்த சட்டையின் நிறம், ஏடு அச்சான மஞ்சள் தாளின் நிறமே. (நாம் திட்டும் ‘மஞ்சள் பத்திரிகை’ வேறு!)

வீரர்களிடம் அவர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மாதிரி. சைக்கிள் பழுதானால் பிறர் கை படக்கூடாது. கியர் மாற்றும் கருவிக்கும் தடை. 1924-ல், எத்தனை சட்டை போட்டிருக்கிறாய் என்று அதிகாரி சோதித்த அவமானத்தில், முந்தைய ஆண்டு வென்ற ஹென்றி பெலிசியே பாதியிலேயே விலகினார். வீரர்கள் படும் பாட்டை வேறொரு நாளேட்டின் செய்தியாளர் எழுத, ஊரே பேசியது.

நோயுற்ற தெக்ரான்ஜ் 1936-ல் பொறுப்பை விட்டார். 1940 ஆகஸ்ட் 16-ல் இறந்தார். கியர் கருவிக்கு 1937-லேயே அனுமதி கிடைத்துவிட்டது.