மென்வில்லை தந்த மேதை

கண்ணாடி அணியாமலே தெளிவாகக் காணும் சிலரின் கருவிழிமேல் மெல்லிய வில்லை ஒன்று அமர்ந்திருக்கும். காண்டாக்ட் லென்ஸ் என வழங்கும் அவ்வில்லையை மென்மையாக்கித் தந்தவர் செக் நாட்டு வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்தெர்லே.

அவர் 1913ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் மொராவியாப் பகுதியில் பிறந்தார்; பிராகா நகரில் வேதியியல் பயின்றார். 1939இல் நாட்டைக் கைப்பற்றிய நாசிகள் பல்கலைக்கழகங்களை மூடினர். விக்தெர்லே ஸ்லின் நகரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் பணியேற்றார். 1942இல் நாசிக் காவல்துறை அவரைச் சில மாதங்கள் சிறையில் அடைத்தது.

போர் முடிந்து நாடு விடுதலை பெற்றபின் அவர் பேராசிரியரானார். 1952இல் தொடர்வண்டியில் சென்றபோது, கண்ணில் பொருத்தும் செயற்கை உறுப்புகளைப் பற்றிய கட்டுரையை உடன்பயணி ஒருவர் படித்துக்கொண்டிருக்கக் கண்டார். அவருடன் உரையாடியதில் அவர் சிந்தனை விரிந்தது. உடலின் திசுக்கள் நீர் நிறைந்தவை. உடலில் பொருத்தும் பொருளும் நீரை ஏற்பதாக இருத்தல் வேண்டும் என்று அவர் கருதினார்.

திராகோஸ்லாவ் லிம் என்னும் இளம் அறிஞருடன் இணைந்து அத்தகைய பொருளை உருவாக்கினார். அதன் மூலக்கூறுகள் வலைபோலப் பின்னியிருக்கும். அவ்வலை நீரை ஈர்க்கும், நீரில் கரையாது. உலர்ந்தபோது விறைப்பாக இருக்கும் அப்பொருள், நீரில் ஊறினால் உப்பி மென்மையாகும். ஊறிய நிலையில் அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு நீரே. இவ்வகைப் பொருளை ஹைட்ரோஜெல் என்பர்.

1958இல் அரசியல் காரணங்களால் அவர் பேராசிரியர் பணியை இழந்தார். அச்சில் வார்த்த வில்லைகளின் விளிம்புகளும் கிழிந்தன. ஆய்வுக்கான ஆதரவும் நின்றது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், குழந்தைகள் விளையாடும் உலோக இணைப்புத் துண்டுகளையும் மிதிவண்டி டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே ஒரு பொறியை அமைத்தார். சுழலும் அச்சில் இட்ட நீர்மம் விளிம்புவரை பரவி வில்லையாக இறுகியது. அன்று கிடைத்தவை நான்கு வில்லைகள். அவர் மனைவி லிண்டாவும் துணைநிற்க, வீட்டு மேசையே தொழிற்கூடமாயிற்று.

பின்னர் அக்காப்புரிமை அமெரிக்க நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1971இல் அந்நாட்டில் மென்வில்லை விற்பனைக்கு இசைவு கிடைத்தது. கோடிக்கணக்கானோர் பயன்பெற்றனர், விக்தெர்லே பெற்றதோ மிகச் சிறு தொகையே.

நீர் கொண்ட வில்லைக்கும் ஓர் இடர் உண்டு. கண்ணீரில் லைசோசைம் முதலிய புரதங்கள் உள்ளன. அவை வில்லையின் மேற்பரப்பில் ஒட்டிப் படியும். இதனைப் பரப்புக்கவர்ச்சி என்பர். படிவு மிகுந்தால் பார்வை மங்கும், கண் உறுத்தும். ஆகவேதான் வில்லையைத் தூய்மை செய்வதும் உரிய காலத்தில் மாற்றுவதும் இன்றியமையாதன. நீரை ஏற்று, புரதத்தை விலக்கும் பொருளை நாடி இன்றும் ஆய்வுகள் தொடர்கின்றன.

1968ஆம் ஆண்டின் சீர்திருத்த இயக்கத்தை ஆதரித்தமையால், ஆய்வு நிறுவன இயக்குநர் பதவியையும் அவர் 1970இல் இழந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின், ஆட்சி மாறியதும், செக்கோஸ்லோவாக்கிய அறிவியல் கழகம் அவரையே தலைவராக ஏற்றது. 1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் அவர் மறைந்தார். பதவிகளை அவரிடமிருந்து பறிக்க முடிந்தது. அறிவையும் முயற்சியையும் எவராலும் பறிக்க முடியவில்லை.

சிந்தித்து எழுதுக

1. உடலில் பொருத்தும் பொருள் நீரை ஏற்க வேண்டும் என விக்தெர்லே கருதியது ஏன்?
2. மென்வில்லையை நாள்தோறும் தூய்மை செய்யாவிடில் நேர்வது யாது?