ஒரே பந்து, வேறு குவளை

யோங் பெங் போன்ற சிற்றூரின் பள்ளித் திடலில்கூட, ஆட்டம் முடிந்ததும் ஒரே நீர்ப்புட்டி பலர் கைக்கு மாறுவதைக் காணலாம். அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நூறாண்டுகளுக்கு முன்னர், இந்தியாவின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளராகத் திகழ்ந்த ஒருவருக்கு அந்தச் சிறிய உரிமைகூடக் கிட்டவில்லை. அவர் பெயர் பல்வங்கர் பாலு.

பாலு 1876-இல் தார்வாடில் பிறந்தார். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். பூனாவில் ஐரோப்பியர்கள் நடத்திய மன்றமொன்றில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்திற்குத் திடல் பணியாளராக இருந்தார். உருளையை இழுப்பது, கோடு போடுவது, வலை கட்டுவது ஆகியன அவருடைய வேலைகள். ஓய்வு கிடைத்தபோது ஆங்கிலேயருக்குப் பந்து வீசினார். கிரேக் என்ற புகழ்பெற்ற மட்டையாளர், தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்பர். ஆயினும், மட்டையைப் பிடித்து ஆட மட்டும் ஒருநாளும் அவரை விடவில்லை.

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்து அணியினருக்குப் பாலு தேவைப்பட்டார். நீண்ட வாக்குவாதத்திற்குப் பின்னரே அவரைச் சேர்த்துக்கொண்டனர். திடலில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டனர். தேநீர் வேளை வந்தால் நிலைமை மாறிவிடும். மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் பருக, பாலு வெளியே நின்று மண்குவளையில் பருகினார். உணவு உண்ணவும் அவருக்குத் தனித் தட்டு, தனி மேசை. விந்தையான தீட்டுதான், பந்தில் ஒட்டாதது கோப்பையில் மட்டும் ஒட்டிக்கொண்டது! இது இந்தியாவில் மட்டும் நிகழவில்லை. அமெரிக்காவின் கறுப்பினத் தீயணைப்பு வீரர்கள் சிலரும் வெள்ளையரோடு சேர்ந்து தீயை அணைத்துவிட்டு, நிலையத்தில் தனிக் கட்டிலில் படுக்க வேண்டியிருந்தது.

பின்னர், பாலு பம்பாய்க்குச் சென்றார். 1906-இல் இந்து அணி ஐரோப்பிய அணியை 109 ஓட்டங்களில் வென்றது. அந்த ஆட்டத்தில் பாலு எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதற்குள் பம்பாய் அணியினர் அவருடன் ஒன்றாக அமர்ந்து உண்ணத் தொடங்கியிருந்தனர். 1911-இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணி பல ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். இளைஞர் அம்பேத்கர் அவரை வியந்து போற்றினார்.

இத்தனை புகழ் இருந்தும் அணித்தலைவர் பதவி அவருக்குத் தரப்படவில்லை. ஆண்டுதோறும் அவரினும் திறன் குறைந்தவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர். பாலுவின் தம்பியரும் அதே அணியில் சிறந்த ஆட்டக்காரர்கள். 1920-இல் பாலு அணியிலிருந்து நீக்கப்பட்டபோது, தம்பியர் இருவரும் ஆட மறுத்து விலகினர். சோற்றையும் சம்பளத்தையும்விட இதுவே அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றியிருக்க வேண்டும். அந்த எதிர்ப்பு வீண்போகவில்லை. பாலு மீண்டும் அழைக்கப்பட்டார், துணைத்தலைவரும் ஆனார். இறுதியாட்டத்தில் தலைவர் சற்று நேரம் வெளியேறியபோது, அணியை அவரே நடத்தினார். அவருக்கு வாய்த்த தலைமை அவ்வளவுதான்.

மூன்றாண்டுகள் கழித்து, 1923-இல், தம்பி விட்டல் இந்து அணியின் தலைவராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு ஐரோப்பியரை வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியதும், இரசிகர்கள் விட்டலைத் தோளில் சுமந்து சென்றனர். பாலு 1955-இல் பம்பாயில் காலமானார்.