லார்டெரெல்

நெய்வேலியில் மண்ணிலிருந்து தோண்டிய பழுப்பு நிலக்கரி அவ்வூரிலேயே எரிந்து மின்னாற்றலாகின்றது. தொழிலுக்கு வேண்டிய வெப்பத்தைக் காலடி நிலத்திலேயே கண்ட மற்றொருவர் பிரான்சுவா லார்டெரெல். பிரெஞ்சு நாட்டில் பிறந்த அவர், வணிகத்தின் பொருட்டு இத்தாலியிற் குடியேறினார்.

ஆங்கு டஸ்கனி மலைச்சாரலில் ஆவி கக்கும் கொதிநீர்க் குட்டைகள் பல இருந்தன. அந்நீரில் போரிக் அமிலம் கலந்திருத்தலை 1777-இல் அறிஞர் கண்டறிந்தனர். மருந்துக்கும் மட்கலங்களின் மெருகுக்கும் பயன்படும் அவ்வமிலத்தைப் பிரித்தெடுக்க, 1818-இல் லார்டெரெல் தொழிற்சாலை நிறுவினார். ஆயினும், நீர் மிகுதி, அமிலமோ சிறிது. நீரை வற்றக் காய்ச்சுவதற்கு விறகு மலைபோல் தேவைப்பட்டது. சுற்றியிருந்த காடுகள் குறைந்தன. ஈட்டிய பொருளை அடுப்பே விழுங்கியது.

லார்டெரெல் மனந்தளரவில்லை. வீணே விண்ணிற் கலந்த ஆவியின்மீது அவர் கருத்துச் சென்றது. 1827-இல் குட்டையின்மேல் செங்கற் கவிகை எழுப்பி ஆவியை அடக்கினார். அதனைக் காய்ச்சும் கலங்களுக்கு அடியிற் செலுத்தினார். விறகின்றியே நீர் வற்றியது. ஆறிய கரைசலில் அமிலம் படிகமாய்த் திரண்டது. தொழில் தழைத்தது, காடும் பிழைத்தது.

1846-இல் அவ்வூர் அவர் பெயரால் லார்டெரெல்லோ என வழங்கலாயிற்று. 1858-இல் அவர் மறைந்தார். 1904-இல் அவ்வூர் நிலத்தாவி ஐந்து மின்விளக்குகளை எரியச் செய்தது. வீணாவதைப் பயனாக்கும் அறிவே பெருஞ்செல்வம் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.